ஆவியுணர் செப்பு ஒளிர்வுச் சேர்மங்கள்

ஆவியுணர் செப்பு ஒளிர்வுச் சேர்மங்கள் என்பவை, புறஊதாக் கதிர் படும்போது ஒளிர்வனவும், சில வேதிப்பொருள்களின் ஆவி பட்டால் அவ்வொளிர்வின் நிறமோ செறிவோ மாறுவனவுமான செப்பு அணைவுச் சேர்மங்கள் ஆகும். இம்மாற்றத்தைப் பல வேளைகளில் வெறுங்கண்ணாலேயே காணலாம் என்பதால், இவை ஆவி உணரிகளாக ஆராயப்படுகின்றன. பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றின் சில சேர்மங்களுக்கும் இப்பண்பு உண்டு. எனினும் செப்பு அவற்றைவிட மிக மலிவானது.

ஒளிர்வின் காரணம்

+1 ஆக்சிசனேற்ற நிலையிலுள்ள செப்பில் டி-துணைக்கூடு 10 எலக்ட்ரான்களால் நிரம்பியுள்ளது. ஆகவே கிளர்வுற்ற எலக்ட்ரானின் ஆற்றல் ஒளியாக வெளிப்பட வாய்ப்பு மிகுதி. +2 நிலையில் 9 எலக்ட்ரான்களே இருப்பதால், அவ்வாற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது.

எடுத்துக்காட்டு

செப்பு அயோடைடும் 4-மெத்தில்பிரிடினும் சேர்ந்து, ஒரே இயைபுடைய இருவகைத் திண்மங்களைத் தருகின்றன.

* சங்கிலி வடிவம்: செப்பும் அயோடினும் படிக்கட்டுப் போல நீள்கின்றன, நீலமாக ஒளிரும்.
* கனசதுர வடிவம்: 4 செப்பு அணுக்களும் 4 அயோடின் அணுக்களும் மூலைகளில் மாறி மாறி அமைகின்றன, மஞ்சளாக ஒளிரும்.

கனசதுரத்தில் செப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதே மஞ்சள் ஒளிர்வுக்கு அடிப்படை. சங்கிலி வடிவத்தின் மீது தொலுயீன் ஆவி படும்போது அது கனசதுர வடிவமாக மாறுகிறது. பென்டேன் பட்டால் சங்கிலி வடிவம் மீள்கிறது. இதனை 2000ஆம் ஆண்டில் எலேனா காரியாட்டி, பீட்டர் ஃபோர்டு முதலானோர் வெளியிட்டனர். இங்கு தொலுயீன் செப்புடன் பிணைவதில்லை. அது படிகத்தின் இடைவெளிகளில் அமர்ந்து கனசதுர வடிவத்தை நிலைப்படுத்துகிறது. எனவே உணரப்படுவது தொலுயீன் செப்புடன் பிணைவதன்று, செப்பு-அயோடின் பிணைப்புகள் மாறியமைவதால் ஏற்படும் கட்டமைப்பு மாற்றமே.

குறைபாடுகள்

ஒத்த அளவும் வடிவமும் கொண்ட வெவ்வேறு மூலக்கூறுகள் ஒரே விளைவைத் தரக்கூடும். ஆகவே நிறமாற்றம் மட்டும் ஆவி இன்னதென உறுதிப்படுத்தாது. வெப்பநிலையும் ஒளிர்வை மாற்றும்: பிரிடின் கொண்ட கனசதுரச் சேர்மம் அறை வெப்பநிலையில் மஞ்சளாகவும், திரவ நைட்ரசனின் குளிர்நிலையில் நீலமாகவும் ஒளிர்கிறது. மேலும், +1 நிலைச் சேர்மங்கள் பல ஈரக்காற்றில் +2 நிலைக்கு ஆக்சிசனேற்றமடைந்து ஒளிர்வை இழக்கின்றன. இக்காரணங்களால், இத்தகைய உணரியை அறிந்த ஆவிகளுடன் முன்னதாகச் சோதித்து ஒப்பிட்ட பின்னரே அதன் நிறமாற்றத்துக்குப் பொருள் கொள்ள இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

* அணைவுச் சேர்மம்
* ஒளிர்வு
* வேதி உணரி