பினாங்கில் குழந்தைகளின் நிமோனியாவும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும்

பாக்டீரியாத் தொற்றால் நுரையீரலின் காற்றறைகள் அழன்று நீர் கோப்பது பாக்டீரியா நிமோனியா. அதற்குத் தரும் மருந்துக்குக் கிருமி மசியாமல் போவது ஆன்டிபயாடிக் எதிர்ப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா 'பி' வகை, 2002இல் மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கான ஊசி சேர்ந்தபின் வெகுவாக ஒடுங்கியது. பள்ளி வயதில் மைகோபிளாஸ்மா முன்னுக்கு வரும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் கிளினிக்குகளுக்கு இருமலோடு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இவற்றால் வந்த நோய் இராது. வெறும் வைரஸ் சளிதான். ஆனால் நிமோகாக்கஸ் நலமாக இருக்கும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமின்றிக் குடியிருப்பது. சளிக்கென்று தேவையில்லாமல் கொடுத்த மருந்து அங்கே வலுவற்றவற்றைக் கொன்று, வலுத்தவற்றுக்கு இடம்விட்டுப் போகிறது.

பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் நோயாளியிடம் கண்டறியப்பட்டதாக முதலில் அறிவிக்கப்பட்டது 1967இல், ஆஸ்திரேலியாவில். பத்தாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காத வகை தலைகாட்டியது. இக்கிருமி பென்சிலினைச் சிதைக்கும் நொதி எதையும் சுரப்பதில்லை. தொண்டையில் உடன் வாழும் உறவுக் கிருமிகளிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கி, தன் செல்சுவரைக் கட்டும் புரதங்களையே மாற்றிக்கொள்கிறது. மருந்து அவற்றில் சரியாக ஒட்டுவதில்லை. இதனால் இரண்டு விளைவுகள். மருந்தின் அளவைக் கூட்டினால் இந்த எதிர்ப்பைப் பெரும்பாலும் வெல்லலாம். அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த விலை கூடிய மருந்தோ நிமோகாக்கஸ் எதிர்ப்புக்கு முன் கூடுதலாக எதையும் சாதிப்பதில்லை. அது ஹீமோஃபிலஸ் போன்ற நொதி சுரக்கும் கிருமிகளுக்கானது.

பென்சிலின் எதிர்ப்பைப் பற்றிய பழைய எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2008 வரை ஆய்வகங்கள் மூளைக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருந்தன: ஒரு மில்லிலிட்டரில் 2 மைக்ரோகிராம் பென்சிலின் இருந்தால்தான் அடங்கும் கிருமிக்கு 'எதிர்ப்புடையது' என்று முத்திரை விழும். அந்த ஆண்டு அமெரிக்காவின் ஆய்வகத் தரநிலைக் கழகம் மூளைக்காய்ச்சலுக்குக் கடுமையான வரம்பை வைத்து, ஊசிவழி பென்சிலின் பெறும் நிமோனியாவுக்கு அதே 2 வரை 'கட்டுப்படும்' என்று திருத்தியது. நுரையீரலில் மருந்து போதிய அளவு சேர்கிறது என்பதே காரணம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எழுதப்படும் பீதிச் செய்திகளுக்கு மதிப்பில்லை.

திருத்திய அளவுகோலோடு பார்த்தால் உண்மையில் கைநழுவியது எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை அடங்கிய மேக்ரோலைடு குடும்பம். மலேசியாவும் பங்கேற்ற ஆசியக் கண்காணிப்பு வலையமைப்பின் 2008–2009 ஆய்வில், மூளைக்காய்ச்சல் அல்லாத நிமோகாக்கஸ் மாதிரிகளில் பென்சிலினுக்கு முழுதாகக் கட்டுப்படாதவை 4.6 விழுக்காடுதான். எரித்ரோமைசினுக்கு அடங்காதவையோ 72.7 விழுக்காடு. மேக்ரோலைடு ஒட்ட வேண்டிய ரைபோசோம் இடத்தையே மாற்றிக்கொள்ளும் வகைகளுக்கு அளவைக் கூட்டியும் பயனில்லை. நாளுக்கு ஒரு வேளை, மூன்றே நாள் என்ற வசதிக்காகப் பெற்றோர் விரும்பும் அசித்ரோமைசின், குடித்து முடித்த பின்னும் பல நாள் உடலில் குறைந்த அளவில் தங்குவதால் எதிர்ப்பை வளர்ப்பதில் முன்னிற்கிறது. ஆயினும் செல்சுவரே இல்லாத மைகோபிளாஸ்மாவிடம் பென்சிலின் செல்லாது. அங்கே மேக்ரோலைடு வேண்டும். அதற்காகவாவது அதைக் காப்பாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது. ஆனால் தனியார் கிளினிக்கில் நோயைப் பார்ப்பவரே மருந்தையும் கொடுத்து ஒரே கட்டணம் வாங்குகிறார். 2014ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் அரசு கிளினிக்குகளுக்கு வந்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கும், தனியாரிடம் சென்றவர்களில் 30.8 விழுக்காட்டினருக்கும் ஆன்டிபயாடிக் தரப்பட்டிருந்தது. நோயாளிகளின் வேறுபாட்டால் மட்டும் இவ்வளவு இடைவெளி வராது.

ஆன்டிபயாடிக் மிகையாகப் பயன்படுவதைப் பொதுமக்கள் பிரச்சினையாக்கியதில் பினாங்குக்குத் தனி இடமுண்டு. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை தலைமையேற்றிருந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம், கோழி, பன்றிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கலப்பதை நெடுங்காலம் எதிர்த்தது. கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கலப்பது 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. கொலிஸ்டின் நிமோகாக்கஸுக்கான மருந்தல்ல. பச்சிளங்குழந்தைகள் தீவிரப் பிரிவில் இருக்கும்போது கிளெப்சியெல்லாவால் வரும் நிமோனியாவுக்கு மற்ற மருந்துகள் பயனற்றுப்போன நிலையில் எஞ்சும் சிலவற்றில் ஒன்று. மலேசிய அரசின் ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் செயல்திட்டம் 2017இல் வந்தது.

மருத்துவமனைக்கு வெளியே தொற்றிய சாதாரண நிமோனியாவுக்கு முதல் மருந்து இன்றும் அமாக்ஸிசிலின்தான். ஒவ்வொரு வேளையும் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை தருவது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் மூன்று நாள் மருந்து ஏழு நாள் மருந்துக்குப் பலனில் குறைந்ததாக இல்லை.

நோயே வராமல் தடுப்பது மருந்தின் தேவையையும் குறைக்கும். நிமோகாக்கஸ் தடுப்பூசி மலேசியாவில் 2020 டிசம்பர் வரை காசு கொடுத்துப் போடுபவர்களுக்கே கிடைத்தது. அதன்பின் 4, 6, 15 மாதங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட, நிமோகாக்கஸின் பத்து வகைகளைத் தடுக்கும் ஊசியில், பல மருந்துகளுக்கு அடங்காததும் மலேசியப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்பட்டதுமான 19ஏ வகை சேர்ந்திருக்கவில்லை.