கொம்பு முளைத்த கார்

கர்வம் பிடித்தவனைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். மனிதர்களில் யாருக்கும் கொம்பு முளைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் மோட்டார் காருக்கு முளைத்தது. அது எப்படி முளைத்தது, எப்படி உதிர்ந்தது என்ற சரித்திரத்தை நான் விசாரிக்கும்படி நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் அடுத்த வீட்டுத் தலைமை ஆசிரியர்.

அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. அவருடைய தகப்பனார் வாங்கிய அம்பாஸடர் கார் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1957-ல் பிறக்கத் தொடங்கி, 2014-ல் வம்சம் நின்றுபோன ஜாதி அது. வெள்ளிக்கிழமைதோறும் அதைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிச் செல்வார். காரில் எல்லாம் சரியாக இருந்தது. முன் பம்பரில் இருந்த இரண்டு கொம்புகளை மட்டும் காணோம். எந்தக் காலத்தில் போயினவோ, துளைகள்தான் மிஞ்சியிருந்தன. அந்தக் குறை அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் கடைகளில் ஏறி இறங்கி, ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்.

பம்பர் என்பது காரின் முன்னாலும் பின்னாலும் குறுக்கே கிடக்கும் பட்டை. அதன்மேல் செங்குத்தாக நிற்கும் குட்டித் தூண்களுக்கு ஆங்கிலேயர் 'ஓவர்ரைடர்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கர் 'பம்பர் கார்டு' என்றார்கள். வெறும் அழகுக்காக வந்தவை அல்ல அவை. அவசரமாகப் பிரேக் போட்டால் காரின் முன்பக்கம் தாழும், பின்பக்கம் எழும்பும். அந்தச் சமயத்தில் இரண்டு கார்கள் முட்டினால், ஒன்றின் பட்டை மற்றதன் பட்டைக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ளும். பிறகு நாலு பேர் பம்பர்மேல் ஏறி நின்று குதித்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும். பட்டையைப் பட்டை தாண்டாமல் தடுப்பதே கொம்பின் வேலை.

மறுநாள் மெக்கானிக் வந்தார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பம்பரைக் கழற்றினார். கொம்பு பட்டையோடு உராயாமலும், இடுக்கில் தண்ணீர் தங்கித் துருவேறாமலும் இருக்க நடுவில் ரப்பர் வைத்து, பின்புறத்திலிருந்து போல்ட்டு போட்டு முடுக்கத் தயாரானார். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஸார், இந்தக் கொம்பெல்லாம் இந்தக் காலத்து டிராபிக்குக் காணாது. முன்னால் இரும்புக் குழாயை வளைத்து ஒரு கார்டு போட்டுவிடலாம். அப்புறம் எவன் வந்து மோதினாலும் அவன் வண்டிதான் நசுங்கும்!"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். 'அவன் வண்டிதான் நசுங்கும்' என்ற அந்த ஒரு வாக்கியத்தில் பம்பரின் சரித்திரம் முழுவதுமே அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் பதிவு செய்த மூன்று சக்கரக் காருக்குப் பம்பரே கிடையாது. மோதிக்கொள்ள இன்னொரு கார் வேண்டுமே! பம்பர் பூண்ட முதல் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, மொரேவியாவில் நெஸ்ஸல்ஸ்டார்ப் என்ற ஊரின் வண்டித் தொழிற்சாலை 1897-ல் செய்த 'பிரஸிடென்ட்'. பின்னாளில் 'டாட்ரா' என்று புகழ் பெற்ற தொழிற்சாலைதான் அது. மறு வருஷம் அந்தக் கார் வியன்னா நகரத்துக்குப் புறப்பட்டபோது, பம்பர் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, காவலுக்கு வந்தவனே முதலில் கீழே விழுந்தான் என்பது ரசமாகத்தான் இருக்கிறது.

1905-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் பிரடெரிக் சிம்ஸ் என்பவர் தம் காருக்கு ரப்பர் பம்பர் வைத்தார். முட்டினால் மெத்தையில் முட்டியது போல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அடுத்து வந்தவர்கள் ரப்பரை விட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பம்பர் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிக்கொள்ளும் சாமானாகத்தான் முதலில் பரவியது. தெருவில் கார்கள் பெருகப் பெருக அது காரோடு கூடப் பிறந்ததாகிவிட்டது. பட்டை வந்தது, பட்டைக்குக் காவலாகக் கொம்பும் வந்தது.

யுத்த காலத்தில் பம்பருக்கு ஒரு மரியாதை கிடைத்தது. 1942 தொடக்கத்தில், யுத்தத்துக்கு உலோகம் தேவை என்று அமெரிக்க அரசாங்கம் கார்களின் குரோமியப் பளபளப்புக்குத் தடை போட்டபோது, பம்பருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அந்தப் பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றுவிட்டது வேறு விஷயம். யுத்தம் முடிந்த பிறகு வந்த எஃகுப் பஞ்சத்தில், 1946-ல் சில புதுக் கார்கள் பம்பருக்குப் பதில் மரப்பலகையைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தன. தாலிக்குத் தங்கம் கிடைக்காதபோது மஞ்சள் துண்டைக் கட்டி முகூர்த்தத்தை நடத்திவிடுகிறோமே, அந்த மாதிரி!

பஞ்சம் தீர்ந்தது, ஆடம்பரம் வந்தது. நம் ஊர் மாடுகளின் கொம்புக்குப் பித்தளைக் குப்பி மாட்டுவோம் அல்லவா? ஜெனரல் மோட்டார்ஸின் அலங்கார மேதை ஹார்லி ஏர்ல், காடிலாக் கார்களின் கொம்புகளைப் பீரங்கிக் குண்டின் வடிவத்தில் செய்தார். 1950-களில் அவை வருஷத்துக்கு வருஷம் பருத்தன. மக்கள் அவற்றுக்கு ஒரு தொலைக்காட்சி நடிகையின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஏன் என்று விளக்குவது குடும்பப் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு அழகல்ல. 1959-ஆம் வருஷத்துக் காடிலாக்கில் அவை மறைந்தே போயின.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில், ஜெர்மனியில் பேலா பரெனி என்ற எஞ்சினீயர் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கார் நசுங்காமல் இருப்பது முக்கியமா, உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருப்பது முக்கியமா? கார் கல்லைப் போல் நின்றால், மோதலின் வேகம் முழுவதும் உள்ளே இருப்பவர் உடம்பில் இறங்கும். ஆகவே காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கட்டும். நசுங்கி நசுங்கி அந்த வேகத்தை விழுங்கட்டும். நடுவில் மனிதர் இருக்கும் பெட்டி மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்றார் அவர். 1951-ல் அந்த யோசனையைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். 1959-ல் அது மெர்ஸிடிஸ் காராக ஓடியது. நசுங்குவது பலவீனம் அல்ல, அதுவும் ஒரு தியாகம் என்று இரும்புக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

ஆனாலும் காரைக் காக்கும் ஆசை லேசில் போகுமா? 1973-ஆம் வருஷ மாடலிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் சுவரில் முட்டினாலும் முன்பக்கத்து விளக்கு முதலியவை கெடக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது. அதற்காக இங்கிலாந்தின் எம். ஜி. பி. என்ற அழகிய சிறு கார் 1974-ல் தடித்த கறுப்பு ரப்பர் முகத்தை மாட்டிக்கொண்டு, பம்பரின் உயரத்துக்காகத் தரையிலிருந்தும் எழும்பி நின்றது. வளைவுகளில் அதன் பழைய லாகவம் போயிற்று. 1982-ல் அமெரிக்காவே அந்த 5 மைலைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

இத்தனை காலமும் ஒருவரை எல்லாரும் மறந்திருந்தார்கள். காரிலேயே ஏறாதவர், தெருவில் நடப்பவர், அவர். 2003-ல் ஐரோப்பிய நாடுகள், காரின் முகம் அவருடைய காலிலும் தலையிலும் பட்டால் எவ்வளவு காயம் ஆகும் என்று சோதிக்கும்படி சட்டம் செய்தன. நம் நாட்டிலும் 2017 டிசம்பரில், மெக்கானிக் சொன்ன அதே குழாய்க் கார்டுகளை அகற்றும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்குப் பயந்து மாட்டிய கம்பி அது. நம் தெருவில் அது யாரை இடிக்கும்? அடிபட்டவருக்கு எலும்பு முறியும். இக்காலத்துக் கார்களிலோ, மோதலை உணர்ந்து காற்றுப் பையை விரிக்கும் கருவியையும் அது ஏமாற்றக்கூடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இவ்வளவையும் அன்று காலை நான் மூச்சு விடாமல் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். பாதி சொல்வதற்குள் மெக்கானிக், தம் பட்டறையிலிருந்து கொண்டு வந்த வளைந்த குழாய் ஒன்றைப் பம்பருக்கு முன்னால் நிறுத்தி, "எப்படி ஸார் இருக்கிறது?" என்று கேட்டார்.

வேடிக்கை பார்க்கத் தலைமை ஆசிரியரின் பேரன் ஓடி வந்தான். ஐந்து வயதுப் பிள்ளை. குழாய்க்கு எதிரில் நின்று, "தாத்தா, எனக்கு இது இங்கே வருது!" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

தலைமை ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு போய்விடு. கொம்பை மட்டும் பூட்டு" என்றார். அப்புறம் தமக்குள்ளேயே, "இதுவும் இரும்புதான்" என்று சொல்லிக்கொண்டார்.

கொம்பு பூட்டியாயிற்று. கார் பிறந்த நாளில் இருந்தது போலவே பளபளக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் அவர் ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. கொம்பு முளைத்ததும் கர்வம் வருவது உலக இயல்பு. எங்கள் அடுத்த வீட்டுக் காருக்கோ, கொம்பு முளைத்த பிறகுதான் பணிவு வந்திருக்கிறது.