கிளியல்லாத கிளி

வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரே சுவர் மாதிரிதான் தெரியும். தெற்கே, செங்கோட்டைக் கணவாயில், அந்தச் சுவர் அறுந்துபோகிறது. நமக்கு அது ரயிலும் லாரியும் போகிற வழி. ஏறத்தாழ 1000 மீட்டருக்கு மேலே சோலைக்காட்டிலேயே வாழ்ந்து பழகிய சின்னப் பறவைகளுக்கோ அது கடக்க முடியாத பள்ளம். ஆகவே கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், தெற்கே அகத்தியமலையில் வேறொரு இனம்.

இந்தப் பறவைகளை அறிவியல் வகைப்படுத்திய கதையை அதிகாரத்தின் கதையாகவும் வாசிக்கலாம். 1839இல் நீலகிரிச் சிரிப்பானுக்குப் பெயரிட்டவர் ஜெர்டன், கம்பெனிப் படையின் மருத்துவர். ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பழனிமலையில் சேகரித்தவற்றை 1860களின் கடைசியில் பிளான்ஃபோர்டு விவரித்தார். ஒரு சிரிப்பானுக்குப் பாதிரியார் பேரே நிலைத்துவிட்டது. வயிறு வெளுத்த நீலப்பறவையின் பாடு இன்னும் மோசம். குட்டைச்சிறகுப் பறவைகளோடு வெகுகாலம் கிடந்தது. 2005இல் அங்கிருந்து எடுத்து நீல ராபின்களோடு போட்டார்கள். தாலுகா ஆபீசில் கோப்பு மேசை மாறுகிற மாதிரிதான். இரண்டு கூட்டமும் இமயமலை, தென்கிழக்காசியக் கூட்டங்கள். மையம் அங்கே, நம்ம மலை விளிம்பு என்பதுதான் இதிலே பேசாமல் பேசுகிற சொல்லாடல்.

2017இல் ராபின், விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலானோர் மரபணுக்களை ஒப்பிட்டு அதை மாற்றினார்கள். நீலப்பறவை ஈப்பிடிப்பான்களுக்குச் சொந்தம்; இந்த மலைகளிலேயே கிளைத்த தனி மரபு. அதற்கு ஷோலிகோலா என்றும், சிரிப்பான்களுக்கு மான்டிசின்க்லா என்றும் இரண்டு புதுப் பேரினங்கள். அகத்தியமலை நீலப்பறவைக்குத் தனிப்பெயர் கிடைத்ததும் அப்போதுதான்.

ஷோலிகோலாவில் பாதி நம்ம சோலை, பாதி லத்தீன். புழக்கத்துக்கு வைத்த பெயர் ‘சோலைக்கிளி’. மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். தமிழ் காதுக்கோ பச்சையும் சிவப்பு மூக்கும் வந்து நிற்கும். குறிஞ்சிக் கருப்பொருளில் கிளியைப் படித்துத் தேர்வெழுதியவர்கள் நாம், வேறென்ன தோன்றும்?

பெயர்கள் சும்மா இருப்பதில்லை. ஓரினம் நாலாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் பரப்பும் சுருங்குகிறது, அழியும் ஆபத்து கூடுகிறது, பாதுகாப்புக் கோடு வலுக்கிறது. தேயிலைக்கும் வாட்டில் மரத்துக்கும் சோலையை வெட்டித் தள்ளிய வரலாற்றுக்குப் பிறகு அந்தக் கோடு வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மலைத்தொடரில் பளியர்களும் இருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. நெல்லை வனவிலங்குச் சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது. பாதிரியாருக்கும் பட்டாள மருத்துவருக்கும் பறவையின் பெயரில் இடமிருக்கிறது. அதே பறவைக்காகப் போடுகிற கோட்டுக்குள் தேனுக்கும் கிழங்குக்கும் போகிற பளியனுக்கு என்ன இடம் என்பதைப் பளியனிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.