உளுந்தூர்பேட்டை வானூர்தித் தளமும் பருவக்காற்றும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டை வானூர்தித் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகியவற்றைத் தாக்கியமை சோழமண்டலக் கரைக்கும் வான்காப்பின் தேவையை உணர்த்தியது. எனினும் இத்தளத்தைப் போர்த்தேவை கொண்டு மட்டும் விளக்குதல் போதாது. வானூர்திகள் இயன்றவரை காற்றை எதிர்கொண்டே எழும்பி இறங்கும்; ஆதலின் வீசுகாற்றின் திசை நோக்கியே ஓடுதளம் இடுவது வழக்கம். மேற்கே கல்வராயன் மலை நிற்க, உளுந்தூர்பேட்டையோ சமவெளியில் உள்ளது. அங்கு சூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று மிகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் தாழ்முகிலையும் அவ்வப்போது புயலையும் கொணரும். எனவே ஓடுதளத்தின் திசையும் ஒரு வரலாற்றுச் சான்றே. கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் அதனை அளந்து பதிவுசெய்தல் வேண்டும். தளம் பெயர்க்கப்படின் அச்சான்றும் உடன் அழியும்.