கோளாறு நாதமான கதை

என் சிறுவயதில் எங்கள் வீட்டு வால்வு வானொலியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினால் பாட்டு கரகரக்கும். கோளாறு என்று சொல்லி ஐயா உடனே குறைத்துவிடுவார். அந்தக் கரகரப்பைத் தேடியே றொக் கிற்றார் கலைஞர்கள் அலைந்தார்கள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

மேற்கு இலண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962இல் தம் உதவியாளர்களைக் கொண்டு, அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மன் அம்பிளிபயரைப் பின்பற்றித் தமது முதற்கருவியை உருவாக்கினார். பின்னர், 'தி ஹூ' குழுவின் பீற் டவுன்சென்ட் இன்னும் உரத்த ஒலி கேட்டதனால் 1965இல் 100 வாட் கருவி பிறந்தது.

வால்வு தன் எல்லையை மீறி உழைக்கும்போதே அந்த நாதம் எழும். ஆகையால் 100 வாட்டையும் அலறவிட வேண்டியிருந்தது. 1975இல் மார்ஷல் கருவிகளில் மாஸ்டர் வால்யூம் வந்தபின், முன்நிலை வால்வுகளை மட்டும் கரகரக்கச் செய்து, வெளிவரும் சத்தத்தை அடக்கிவைக்க முடிந்தது.

டவுன்சென்ட் தமது செவித்திறன் பாதிப்பைப் பகிரங்கமாகவே சொன்னவர். எனவே ஹார்ட் றொக்குக்குக் கருவி தேடும் இளைஞர்களே, வாட் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். கெயின், மாஸ்டர் என இரு திருகிகளும் தனித்தனியே உள்ளனவா என்று பாருங்கள். கரகரப்பு அழகுதான், செவி போனபின் அதனைக் கேட்க வழியில்லை.