சொல்லும் குறியீடும்: அட்சரகணித வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சொற்றொடரை அட்சரகணிதக் கோவையாகப் பெயர்த்தெழுதுதல் இன்று வெறும் பாடசாலைப் பயிற்சியாகவே கருதப்படுகின்றது. ஆயின், அதன் பின்னணியில் நீண்டதொரு சிந்தனை வரலாறு உண்டு. ஜேர்மானிய அறிஞரான நெசல்மன் 1842இல் அவ்வரலாற்றை மூன்று படிநிலைகளாக வகுத்தார்: சொல்வழி அமைந்தது, சுருக்கக்குறி வழி அமைந்தது, முழுமையான குறியீட்டு வழி அமைந்தது. இப்பகுப்புப் பயனுடையதே. எனினும், சொல்லைக் கணிதத்தின் முதிராப் பருவமாகக் காணும் மனப்பாங்கிற்கும் அது இடமளித்துவிட்டது. அம்மனப்பாங்கு மீள்பரிசீலனைக்குரியது என்பதே நமது கருத்தாகும்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி குறியீடு எதனையும் கையாண்டாரல்லர். ஒரு வர்க்கத்துடன் அதன் மூலத்தின் பத்து மடங்கைக் கூட்ட முப்பத்தொன்பது வரும் எனச் சொல்லாலேயே சமன்பாட்டை அமைத்தார். தெரியாக் கணியத்தை ‘ய’ எனக் கொள்ளின், அது ய² + 10ய = 39 ஆகும். சொத்துப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய தேவைகளுக்கே அவர் அந்நூலை ஆக்கினார். சமுதாயத் தேவையே அக்கணிதத்தின் விளைநிலம் என்பது இதனாற் புலனாகும்.

12ஆம் நூற்றாண்டினரான பாஸ்கரர், ‘எவ்வளவோ அவ்வளவு’ எனப் பொருள்படும் ‘யாவத்தாவத்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘யா’வைத் தெரியாக் கணியத்திற்குக் குறியாக்கினார். மேலும் கணியங்கள் வேண்டியவிடத்து, கருமையைச் சுட்டும் ‘காளகம்’, நீலத்தைச் சுட்டும் ‘நீலகம்’ ஆகியவற்றின் முதலெழுத்துகளை ஆண்டார். எனினும், விதிகளைச் செய்யுளிலேயே யாத்தார். ஒரே மரபினுள் சொல்லும் குறியும் இணைந்தியங்கியமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

1591இல் பிரெஞ்சு அறிஞர் வியெத், தெரியாக் கணியங்களை உயிரெழுத்துகளாலும் தெரிந்தவற்றை மெய்யெழுத்துகளாலும் குறித்தார். இதனால், தனியொரு கணக்கினையன்றி ஒருவகைக் கணக்குகள் அனைத்தையும் ஒருங்கே ஆராய வழி பிறந்தது. இப்பாய்ச்சலின் பெறுமதியை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், சொல்லிலிருந்து குறிக்குச் செல்லும் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு மாணவனும் அதனைப் புதிதாகச் செய்தே ஆகவேண்டும்.

அப்பணியில் மொழியின் அமைப்புத் தீர்மானமான பங்கு வகிக்கின்றது. ‘ஓர் எண்ணின் இருமடங்குடன் மூன்றைக் கூட்ட வருவது’ என்பது 2ய + 3. ‘ஓர் எண்ணுடன் மூன்றைக் கூட்ட வருவதன் இருமடங்கு’ என்பது 2(ய + 3). அடைப்புக்குறியின் தொழிலை இங்கு ‘வருவதன்’ என்னும் வேற்றுமையுருபேற்ற சொல் ஆற்றுகின்றது. ஓர் எண்ணிலும் ஐந்து குறைந்ததைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலோ ஐந்து முன்வர, எண் பின்வரும். ய − 5 என எழுதும் மாணவன் அவ்வொழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். தமிழ்த் தொடர் கோவையின் ஒழுங்கிலேயே செல்கின்றது. எனவே, ஆங்கிலப் பயிற்சிகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தருவோர், நமது மொழியில் இல்லாத இடர்ப்பாட்டை மாணவர்மீது சுமத்துவோராவர்.

1855இல் யாழ்ப்பாணத்தவரான கறோல் விசுவநாதபிள்ளை தமிழில் ‘வீசகணிதம்’ எழுதினார். தமிழ் இக்கணிதத்தைத் தாங்குமா என்ற வினாவிற்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. தமிழின் தொடரமைப்பிலிருந்தே அதனைக் கற்பிக்கின்றோமா என்பதே நம்முன் எஞ்சியுள்ள வினாவாகும்.