பன்றிக்குச் சளி கொடுத்தது யார்?



சில நாட்களுக்கு முன்பு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய தம்பி, ஊருக்கு வெளியே இருக்கும் சொந்த நிலத்தில் வெண்பன்றி வளர்க்கக் கடனுக்கு மனுப் போட்டிருக்கிறார். அவர்களுடைய தாயாருக்குச் சம்மதமில்லை. "பன்னிக் காய்ச்சல்னு ஒண்ணு வந்துச்சே சார், ஊரே பயந்துச்சே. அதைக் கடன் வாங்கிக் கொண்டாரணுமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பியோ இருமிக்கொண்டிருந்தார். கோர்வைச் சேலைத் தறியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறவர். அண்ணனுக்கு வந்த ஃபுளூ இவருக்கும் தொற்றிவிட்டது.

"அம்மா, பன்றிகிட்டேயிருந்து நமக்கு வருமான்னு கேக்கிறீங்க. நம்மகிட்டேயிருந்து பன்றிக்குப் போறதை யாரும் கேக்கிறதில்லையே" என்றேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

1918ஆம் ஆண்டு உலகம் முழுவதும் ஃபுளூ காய்ச்சல் பரவியது. நம் நாட்டுக்கு அது பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து, ரயில் போன இடமெல்லாம் போயிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் மாண்டார்கள். அதே ஆண்டு, இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பன்றிகளுக்கும் காய்ச்சல் கண்டது. இருமல், மூக்கொழுகல், தீனி எடுக்காமை என்று எல்லாம் மனிதருக்கு வந்ததைப் போலவே இருந்தது. வீட்டில் ஆட்கள் படுத்தால் பட்டியில் பன்றிகளும் படுத்தன. கோயன் என்ற கால்நடை மருத்துவர், இரண்டும் ஒரே நோய்தான் என்று துணிந்து சொன்னார். கறி விற்காமல் போய்விடுமே என்று பன்றி வியாபாரிகளுக்கு அவர் மேல் கோபம்.

அயோவாவிலேயே பிறந்த ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி, இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் கிருமியைப் பன்றியிலிருந்து பிரித்தெடுத்து 1931இல் அறிவித்தார். மனிதருடைய ஃபுளூ வைரஸை இங்கிலாந்தில் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1933இல்தான். ஷோப் அத்தோடு விடவில்லை. மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார். 1918ஐக் கடந்து வந்த பெரியவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் பன்றிக் கிருமியை அடக்கும் சக்தி இருந்தது. அதற்குப் பின் பிறந்த சிறு பிள்ளைகளிடம் அது இல்லை. அப்படியானால் அந்தப் பெரியவர்களைத் தாக்கியதும் இதே இனத்துக் கிருமிதான் என்று ஆகிறது. மனிதரிடமிருந்தே அது பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து.

1968இல் ஹாங்காங் ஃபுளூ என்ற புது ஃபுளூ கிளம்பியது. அது தைவானில் மனிதரிடையே பரவியபோது அங்கிருந்த பன்றிகளிடமும் அதே கிருமி இருந்ததாக 1970இல் தெரிந்தது.

இனி நமக்குக் கிட்டத்து ஊருக்கு வருவோம். 2009இல் வந்த பன்றிக் காய்ச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிருமி பன்றிகளிடையே உருவானது உண்மைதான். ஆனால் மனிதரிடம் வந்த பிறகு, மனிதருக்கு மனிதர் தொற்றித்தான் அது உலகத்தைச் சுற்றியது. பக்கத்து இலங்கையில் 2009 முதல் 2012 வரை விஞ்ஞானிகள் மனிதரையும் பன்றிகளையும் சேர்த்தே கவனித்து வந்தார்கள். மக்களிடையே இந்தக் காய்ச்சல் பரவிய ஒவ்வொரு தடவையும், அதைத் தொடர்ந்து பன்றிகளிலும் அது தென்பட்டது. முதலில் மனிதர், பிறகு பன்றி.

பயம் என்ன செய்யும் என்பதற்கும் அதே 2009 சாட்சி. எகிப்து அரசு நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவிட்டது. மூன்று லட்சம் பன்றிகள் வளர்த்த ஏழைகள் பிழைப்பை இழந்தார்கள். பன்றிகள் தின்று தீர்த்த குப்பை கெய்ரோ தெருக்களில் குவிந்தது. காய்ச்சலோ நிற்கவில்லை, எகிப்துக்கும் வந்து சேர்ந்தது.

"நம்ம சளி பன்றிக்குப் போனா போகட்டுமே" என்று நினைத்துவிடக் கூடாது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் ஒரே தறியில் கோர்த்துப் புதுச் சேலை ஆக்குகிறோம். ஃபுளூ வைரஸுக்குள் எட்டு மரபுத் துண்டுகள் உண்டு. மனித வைரஸும் வேறொரு வைரஸும் ஒரே பன்றிக்குள் சேர்ந்தால், துண்டுகள் மாறிக் கோர்த்துப் புதுக் கிருமி பிறக்கலாம். 2009இல் வந்ததும் அப்படிப் பல துண்டுகள் சேர்ந்த கிருமிதான்.

ஆகவே பன்றி வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை இவை. உங்களுக்குக் காய்ச்சல், இருமல் இருந்தால் பட்டிக்குப் போகாதீர்கள், வீட்டில் வேறொருவரை அனுப்புங்கள். போக வேறு ஆளே இல்லையென்றால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். கோழி, வாத்துகளைப் பன்றியின் தண்ணீர்த் தொட்டியில் அண்ட விடாதீர்கள். வாங்கி வந்த புதுப் பன்றிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வையுங்கள். பல பன்றிகள் ஒரே சமயத்தில் இருமித் தீனி எடுக்காமல் படுத்தால், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். நன்றாக வேகவைத்த கறியால் ஃபுளூ வராது.

இவ்வளவும் கேட்ட அந்தத் தாயார் கடைசியில் மகனைப் பார்த்து, "அப்போ சளி பிடிச்சா நீதான் பட்டிக்குப் போகாம இருக்கணும்" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.